சேரியும் மனையும்

குறுந்தொகையின் 231-ஆம் பாடல் "ஓரூர் வாழினும் சேரி வாரார்" என்று தொடங்குகிறது. அடுத்த அடி, "சேரி வரினும் ஆர முயங்கார்." பாடியவர் பாலை பாடிய பெருங்கடுங்கோ. தலைவி தோழியிடம் மனம் நொந்து சொல்கிறாள்: ஒரே ஊரில்தான் இருக்கிறார், ஆனாலும் நம் பக்கம் வருவதில்லை, வந்தாலும் ஆசைதீரத் தழுவுவதில்லை, யாரோ அயலாருடைய சுடுகாட்டைக் கடந்து போகிறவர் மாதிரி, கண்டும் காணாதவராகப் போய்விடுகிறார்.

இந்தப் பாட்டை இன்று முதல்முறையாகப் படிப்பவர் யாராக இருந்தாலும் 'சேரி' என்ற இடத்தில் ஒரு நொடி நிற்பார். நம் காதில் அந்தச் சொல்லுக்கு இப்போது ஒரே பொருள்தான். ஊரிலிருந்து விலக்கி வைக்கப்பட்ட மக்களின் குடியிருப்பு. தலைவன் ஊரிலும் தலைவி சேரியிலும் இருக்கிறார்கள் என்றால், இது சாதி கடந்த காதலா என்றுகூட இன்றைய மனம் யோசிக்கும். அப்படியில்லை. உரைகள் இந்த இடத்தில் 'தெரு' என்று பொருள் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். அந்தப் பொருள் சரிதான். ஆனால் அப்படி நகர்ந்துவிடுவதில் எனக்குச் சம்மதம் இல்லை. தன் வீடு இருக்கும் தெருவை ஒரு தலைவி கூச்சமின்றிச் 'சேரி' என்று சொன்ன மொழியில், அதே சொல் எப்படி வசைச்சொல் ஆயிற்று என்பதை நின்று பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

முதலில் அந்த அடியின் அமைப்பைப் பாருங்கள். ஊர் பெரிய வட்டம், சேரி அதற்குள் இருக்கும் சின்ன வட்டம். சேரி ஊரின் ஒரு பகுதி. ஊர் வேறு, சேரி வேறு என்ற எண்ணமே அங்கே இல்லை. தொல்காப்பியச் செய்யுளியலில் ஒரு நூற்பா "ஊரும் அயலும் சேரியோரும்" என்று தொடங்கி, நோய் அறிந்து சொல்பவர், தந்தை, தமையன் என்று போகும். அகப்பாட்டில் நேராகப் பேசாதவர்கள் இவர்கள். இவர்கள் சொன்னதாகப் பிறர் எடுத்துச் சொல்லலாம், அவ்வளவுதான். ஒரு பெண்ணின் வாழ்க்கையைச் சுற்றி நின்று கவனிக்கிறவர்களின் பட்டியல் அது. தந்தையும் தமையனும் இருக்கும் அதே வரிசையில் சேரியோரும் இருக்கிறார்கள்.

அகநானூறு 110-இல் போந்தைப் பசலையார் இன்னும் தெளிவாகக் காட்டுகிறார். "அன்னை அறியினும் அறிக, அலர்வாய் அம்மென் சேரி கேட்பினும் கேட்க." தாய்க்குத் தெரிந்தால் தெரியட்டும், வம்பு பேசும் இந்தச் சேரி கேட்டால் கேட்கட்டும். இதையே இன்று எப்படிச் சொல்வோம்? "ஊர் பேசினால் பேசட்டும்" என்போம். வாயாடுவது, வேவு பார்ப்பது, அக்கறைப்படுவது என்று அன்று சேரி செய்த வேலையை எல்லாம் இப்போது ஊர் என்ற சொல் எடுத்துக்கொண்டுவிட்டது. ஊருக்கும் அலர், அதாவது வம்புப்பேச்சு, உண்டு, சங்கப் பாடல்களில் அதுவும் வருகிறது. ஆனால் சேரியின் அலர் பக்கத்து வீட்டு அலர், சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து காதில் விழுவது.

பரணர் இந்தச் சொல்லோடு விளையாடவே செய்கிறார். குறுந்தொகை 298-இல் தலைவன் "சேரி சேர" மெல்ல வந்து வந்து, அரிதாக வாய் திறந்து இனிய சொல் பேசி, நாள்தோறும் நிறம் மாறி நிற்கிறான். சேரியைச் சேர்தல் என்ற அந்த ஓசை நயம், சேர்ந்து வாழும் இடம்தான் சேரி என்று கவிஞனின் செவி அன்றே கேட்டதைக் காட்டுகிறது. நம் அகராதிகளும் 'சேர்' என்ற வினையிலிருந்துதான் சேரியை வருவிக்கின்றன.

ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு, எனக்கு மிகவும் பிடித்த சிக்கல். கன்னடத்தில் தெருவுக்குக் 'கேரி' என்று பெயர். நம் சேரியும் அவர்களுடைய கேரியும் ஒரே சொல்தான் என்று திராவிட மொழிகளின் சொற்பிறப்பு அகராதி இரண்டையும் ஒரே பதிவில் வைக்கிறது. நம் செவி அங்கே கிவி, நம் செம்மை அங்கே கெம்பு, அதே முறையில் நம் சேரி அங்கே கேரி. இ, எ போன்ற உயிர்களுக்கு முன்னால் பழைய ககரம் தமிழில் சகரமாக மாறியதன் விளைவு இது. ஆனால் 'சேர்' என்ற வினை கன்னடத்தில் 'சேரு' என்றே இருக்கிறது, அங்கே ககரம் இல்லை. அப்படியானால் சேர்தலும் சேரியும் ஒரே வேரில் பிறந்தவை என்பது அவ்வளவு உறுதியில்லை. தமிழில் ககரம் மாறிய பிறகு இரண்டும் ஒன்றுபோல ஒலித்ததால், சேரிக்குள் சேர்தலைக் கவிஞர்களும் இலக்கணக்காரர்களும் கேட்கத் தொடங்கியிருக்கலாம். எனக்கு இது குறையாகப் படவில்லை. பிறப்பால் உறவில்லாத இரண்டு சொற்களைப் பேசுகிறவர்களே உறவாக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

கன்னடத்தில் பல சாதியாரின் தெருக்களுக்கும் கேரி என்ற பெயர் வருகிறது. பிராமணர் கேரியும் உண்டு, குயவர் கேரியும் உண்டு, ஒடுக்கப்பட்டவர்களின் ஹொலகேரியும் உண்டு. இந்தப் பெயர்களில் முன்னால் வரும் சொல்தான் இழிவையோ உயர்வையோ சுமக்கிறது, கேரி வெறும் தெருதான். மலையாளத்தில் தலசேரி, மட்டாஞ்சேரி, சங்ஙனாசேரி என்று ஊர்ப்பெயர்களில் உண்டு. அதோடு கட்சி, அணி என்ற பொருளும் அங்கே சேரிக்கு உண்டு. நாம் அணிசேரா நாடுகள் என்பதை அவர்கள் 'சேரிசேரா' என்கிறார்கள். பரணரின் அதே ஓசை, வேறொரு காலத்தில்.

தமிழிலும் அப்படித்தான் இருந்தது. மதுரைக்காஞ்சியில் பாணர்கள் மீன் சீவும் 'பாண்சேரி' வருகிறது. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்தின் 'உறைகிணற்றுப் புறச்சேரி' வருகிறது. பன்றிக் குட்டிகளும் கோழிகளும் திரிய, ஆட்டுக்கிடாயோடு கவுதாரி விளையாடும் இடம் அது. கேட்கக் கேட்கக் கண் முன் வரும் காட்சி. சிலப்பதிகாரத்தில் ஒரு காதைக்கே 'புறஞ்சேரி இறுத்த காதை' என்று பெயர். கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் வையையைக் கடந்து மதுரையின் மதிலுக்கு வெளியே தங்கும் இடம். புறத்தே இருக்கும் சேரி என்றதும் இன்றைய மனம் எதை எதிர்பார்க்கும் என்று தெரியும். இளங்கோ சொல்வது வேறு. "அறம்புரி மாந்தர் அன்றிச் சேரா" இடம் என்கிறார். அறம் செய்பவர்கள் தவிர வேறு யாரும் போய்ச் சேராத இடம்.

சங்க காலம் சமத்துவ காலம் என்று இதை வைத்து யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 'இழிசினன்', 'புலையன்' என்ற சொற்கள் அதே பாடல்களில் இருக்கின்றன. நான் சொல்வது சேரியைப் பற்றி மட்டும். இழிவுபடுத்த அந்தக் காலத்துக்கு வேறு சொற்கள் இருந்தன, சேரி அவற்றில் ஒன்றாக இருக்கவில்லை.

சோழர் காலத்துக்கு வருவோம். இங்கேதான் விஷயம் இறுகுகிறது. ஒரே அரச மரபின் கல்வெட்டுகளில் மூன்று விதமான சேரிகளைப் பார்க்கலாம்.

முதலாவது உத்தரமேரூர். பராந்தக சோழனின் 12-ஆம், 14-ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது 919-லும் 921-லும் வெட்டப்பட்ட குடவோலைக் கல்வெட்டுகளை எல்லோரும் பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். அந்தப் பிராமணக் குடியிருப்பு 30 குடும்புகளாக, அதாவது தேர்தல் வட்டங்களாக, பிரிந்திருந்தது என்பதையும் படித்திருப்போம். அது 12 சேரிகளாகவும் பிரிந்திருந்தது என்பது பலருக்கும் நினைவில் நிற்பதில்லை. ஆண்டு வாரியம் என்ற ஊர் நிர்வாகக் குழுவுக்குச் சேரிக்கு ஒருவர் வந்தார். பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட பிரமதேயம், அதன் உட்பிரிவு சேரி! இப்படிப்பட்ட ஊர்களில் அரசர்களின் பட்டப்பெயர்களையே சேரிகளுக்கு வைப்பதும் உண்டு.

ஓலையில் பெயர் எழுதப்படுவதற்கான தகுதிகளில் ஒன்றை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும். கால் வேலிக்கு மேல் இறைநிலம், அதாவது வரி கட்டும் நிலம், உடையவனாக இருக்க வேண்டும். அப்புறம், தன் மனையிலே அகம் எடுத்துக்கொண்டு இருப்பவனாக இருக்க வேண்டும். மனை என்பது வீடு நிற்கும் நிலம், அகம் என்பது வீடு. சொந்த மனையில் சொந்த வீடு. அது இருந்தால்தான் குடத்துக்குள் பெயர் போகும்.

இரண்டாவது தஞ்சாவூர். முதலாம் இராசராசன் பெரிய கோயில் பணிக்காகப் பல ஊர்க் கோயில்களிலிருந்து 400 பெண்களை வரவழைத்து, கோயிலைச் சுற்றிய தெருக்களில் குடியமர்த்தினான். கல்வெட்டு அவர்களைத் தளிச்சேரிப் பெண்டுகள் என்கிறது. தளி என்றால் கோயில். தெற்குத் தளிச்சேரித் தென்சிறகு, வடசிறகு என்று தெருவின் இரண்டு பக்கங்களையும் சொல்லி, தலைவீடு, இரண்டாம் வீடு, மூன்றாம் வீடு என்று ஒவ்வொரு வீட்டையும் வரிசைப்படுத்தி, அந்தந்த வீட்டில் இருக்கும் பெண்ணின் பெயரையும் அவள் எந்தக் கோயிலிலிருந்து வந்தவள் என்பதையும் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு பங்கு, பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஒரு தெருவின் முகவரிப் பட்டியல் இது. அந்தத் தெருவின் பெயரில் சேரி இருக்கிறது, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பெண்ணின் பெயர் இருக்கிறது.

மூன்றாவது சேரியும் அதே தஞ்சைக் கோயிலின் சுவரில்தான் இருக்கிறது. கோயிலுக்கு வருவாய் தர எழுதிவைத்த ஊர்களைப் பட்டியலிடும்போது, ஒவ்வோர் ஊரிலும் வரி விதிக்க முடியாத நிலம் எவ்வளவு என்று கழித்துக் காட்டுவார்கள். ஊரார் குடியிருக்கும் ஊர்நத்தம், கோயில்கள், குளங்கள், ஊடறுத்துப் போகும் வாய்க்கால்கள், பறைச்சேரி, கம்மாளர்களின் கம்மாணச்சேரி, சுடுகாடு. இந்த வரிசையில்தான் அது வருகிறது. சில ஊர்களில் கள் இறக்குவோரின் ஈழச்சேரி, வண்ணாரச்சேரி உண்டு. தீண்டாச்சேரி என்ற பெயரும் அதே கல்வெட்டுகளில் உண்டு.

இந்தப் பட்டியலை நான் முதலில் படித்தபோது அடித்தது தீண்டாச்சேரி என்ற சொல். மறுபடி படிக்கும்போது அடித்தது வேறொன்று. இங்கே 'ஊர்நத்தம்' தனியாகவும் சேரிகள் தனியாகவும் நிற்கின்றன. பெருங்கடுங்கோவின் பாட்டில் ஊருக்குள் இருந்த சேரி, நிலக்கணக்கில் ஊர்நத்தத்துக்கு வெளியே போய்விட்டது. வாய்க்காலுக்கும் சுடுகாட்டுக்கும் நடுவில் ஓர் இனமாக எண்ணப்படுகிறது. தளிச்சேரியில் ஒவ்வொரு வீட்டுக்கும் எண்ணும் பெயரும் இருந்தன. பறைச்சேரியில் எத்தனை வீடு, யார் யார் இருந்தார்கள் என்ற பேச்சே இல்லை. சேரி முழுதும் ஒரே துண்டு நிலம்.

ஆக, அந்தக் காலத்தில் சேரி என்ற சொல்லில் இன்னும் கறை ஏறவில்லை. பிராமணரின் சேரியும் கோயில் பெண்களின் சேரியும் தீண்டப்படாதவர்களின் சேரியும் ஒரே பெயரில் பக்கம் பக்கமாக இருந்தன. வேற்றுமை மனையில் இருந்தது. யாருடைய மனையில் யார் குடியிருக்கிறார்கள் என்பதில் இருந்தது. சொல் பின்னால் கெட்டதற்கான காரணமும் அதுதான் என்பது என் கருத்து.

12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் திருநாளைப்போவார் எனும் நந்தனாரின் ஊரான ஆதனூரைக் காட்டும்போது, ஊருக்கு வெளியே வயல் ஓரத்தில் சுரைக்கொடி படர்ந்த பழங்கூரைகளைக் காட்டுகிறார். "புற்குரம்பைச் சிற்றில்" பல நிறைந்த அந்தக் குடியிருப்பை அவர் 'புலைப்பாடி' என்கிறார். சேரி என்று சொல்லவில்லை, பாடி என்கிறார். கண்ணனின் ஆயர்பாடியில் இருக்கும் அதே பாடி. அங்கே இருப்பவர்களை அவர் எப்படிச் சொல்கிறார் தெரியுமா? "கிழமைத் தொழில் உழவர்" என்கிறார். புல் வேய்ந்த குடிசையில் இருந்தவர்கள் உழவர்கள். உழுத நிலம் அவர்களுடையதாக இருக்கவில்லை.

பாடி தப்பித்துக்கொண்டது. வாணியம்பாடி, காட்பாடி, தரங்கம்பாடி, வாழப்பாடி என்று ஊர்ப்பெயரின் வாலாக மட்டும் வாழ்கிறது. தனிச்சொல்லாகப் பேச்சில் யாரும் புழங்குவதில்லை, அதனால் அதன் மேல் எதுவும் ஒட்டவில்லை. சேரிக்கு இரண்டு வாழ்வு கிடைத்தது. வாலாக நிற்கும்போது அது புதுச்சேரி, வேளச்சேரி, செம்மஞ்சேரி. ஈழத்தில் சாவகச்சேரி, சாவகர் குடியேறிய சேரி என்று பெயர்க்காரணம் சொல்வார்கள். பாண்டிச்சேரி 2006-இல் அதிகாரப்பூர்வமாகப் புதுச்சேரி ஆனபோது பழைய பெயர் திரும்பியது என்று மகிழ்ந்தோம், அந்தப் பெயருக்குள் சேரி இருப்பது யாரையும் உறுத்தவில்லை. வேளச்சேரியில் வீடு என்று பெருமையாகச் சொல்கிறவர், 'சேரி' என்று தனியாகச் சொன்னால் முகம் மாறுவார். ஒட்டி நிற்கும் சேரிக்கு மரியாதை, தனித்து நிற்கும் சேரிக்கு அவமானம். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியிலும் ஊர், தெரு என்ற பழைய பொருள்களோடு சாதிக் குடியிருப்பு என்ற பொருளும் பதிவாகியிருக்கிறது. பேச்சில் மிஞ்சியது அந்தக் கடைசிப் பொருள்தான்.

நான் வளர்ந்தது தென்னாற்காட்டுப் பக்கம். அந்தப் பக்கத்துப் பேச்சில் ஊர், சேரி என்ற இரண்டும் எதிர்ச்சொற்கள் போலவே வரும். சேரியில் இருப்பவர் கடைக்குக் கிளம்பும்போது "ஊருக்குள்ள போயிட்டு வரேன்" என்பார். ஒரே ஊராட்சி, ஒரே ரேஷன் கடை, ஒரே வாக்காளர் பட்டியல், நடுவில் ஒரு வயலும் ஒரு பாதையும். ஆனால் அவர் நிற்கும் இடம் ஊர் இல்லை என்று அவர் வாயாலேயே சொல்ல வைத்திருக்கிறது மொழி. ஊர்க்கூட்டம், ஊர்வரி, ஊர்த்திருவிழா என்ற சொற்களில் எல்லாம் அந்த 'ஊர்' யாரை உள்ளே வைக்கிறது, யாரை வெளியே நிறுத்துகிறது என்று எல்லோருக்கும் தெரியும். தஞ்சைப் பக்கம் குடியானத் தெரு ஒன்றாகவும் மற்றது சாதிப் பெயர் கொண்ட தெருவாகவும் இருக்கும். கொங்கில் வளவு என்பார்கள், தெற்கே சில இடங்களில் குடி என்பார்கள். பெயர் மாறினாலும் நடுவில் அந்த வயலும் பாதையும் இருக்கும்.

ஆங்கிலேயர் ஆட்சியில் செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரெமென்ஹீர் 1891-இல் தன் மாவட்டத்துப் பறையர்களின் நிலை பற்றி ஓர் அறிக்கை எழுதினார். தரிசு நிலங்களை ஒடுக்கப்பட்டவர்களுக்கு ஒதுக்கும் 1892 ஆணைக்கு, பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வதற்கு, வழிவிட்ட அறிக்கை அது. அதில் நிலத்தைப் போலவே முக்கியமான இன்னொரு பொருள் குடியிருக்கும் மனை. சேரியில் வீடு கட்டியிருந்தவர்களுக்கு அந்த வீடு நிற்கும் மண் சொந்தமில்லை. மிராசுதாரர்கள் அது தங்களுடையது என்றார்கள். கூலி போதாது என்று ஒருவர் வாய் திறந்தால் வெளியேற்றிவிடுவோம் என்று மிரட்ட முடிந்தது. குடிசை அவருடையது, அது நிற்கும் தரை ஆண்டையுடையது. இப்படிப்பட்ட இடத்துக்கு என்ன பெயர் வைத்தாலும் அந்தப் பெயர் சீக்கிரமே அடிமைத்தனத்தின் பெயராக மாறிவிடும். தங்கம் என்று பெயர் வைத்திருந்தாலும் மாறியிருக்கும்.

வண்ணாரச்சேரியும் கம்மாணச்சேரியும் பேச்சிலிருந்து ஏன் மறைந்தன என்றும் யோசித்திருக்கிறேன். கைத்தொழில் செய்கிறவர்களின் குடியிருப்புகள் ஊருக்குள் ஒரு தெருவாகக் கலந்துவிட்டன, தெரு என்ற பெயரையும் எடுத்துக்கொண்டன. கலக்க விடாமல் நிறுத்தப்பட்டவர்களிடம் மட்டும் சேரி என்ற சொல் மிஞ்சியது. அதன் பிறகு முன்னால் எந்த அடைமொழியும் தேவைப்படவில்லை. சேரி என்றாலே யார் என்று புரிந்தது.

1919-க்குப் பிறகு சென்னை அரசின் தொழிலாளர் துறை ஒடுக்கப்பட்டவர்களுக்கு வீட்டுமனை வாங்கித் தரும் வேலையைத் தொடங்கியது. வேகம் போதவில்லை. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில், கூலி கேட்ட விவசாயத் தொழிலாளர்களின் சேரியில், ஒரு குடிசைக்குள் தஞ்சம் புகுந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். மூன்று ஆண்டுகள் கழித்து, 1971-இல், குடியிருப்பு மனைகளை அதில் குடியிருப்பவர்களுக்கே உரிமையாக்கும் சட்டம் தமிழ்நாட்டில் வந்தது. உத்தரமேரூர்க் கல்லில் 'தன் மனையிலே அகம்' என்று வெட்டப்பட்டதற்கும் இந்தச் சட்டத்துக்கும் நடுவில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஓடியிருக்கிறது.

பிறகு காலனி வந்தது. அரசு தொகுப்பு வீடுகள் கட்டிக் கொடுத்தபோது அந்த இடங்களுக்கு ஹரிஜன் காலனி, ஆதிதிராவிடர் காலனி என்று பெயர் வைத்தார்கள். சேரி என்ற சொல்லின் கறை இல்லாத புதுச்சொல், கான்கிரீட் வீட்டுக்கு ஏற்ற நாகரிகச் சொல். அந்த நல்லெண்ணத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் காலனியும் பழைய இடத்திலேயே, வயலுக்கு அந்தப் பக்கமே, கட்டப்பட்டது. ஒரு தலைமுறைக்குள் "காலனியா நீ?" என்ற கேள்விக்குச் சேரியின் பழைய தொனி வந்துவிட்டது. நகரத்தில் பேங்க் காலனி, டீச்சர்ஸ் காலனி, ரயில்வே காலனி என்றால் மதிப்பு. கிராமத்தில் வெறும் காலனி என்றால் சாதி. சேரிக்கு நடந்தது அப்படியே மறுபடியும் நடந்தது. காலனி என்ற சொல் லத்தீனில் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் 'கொலோனுஸ்', நிலத்தை உழுபவன். சேக்கிழார் சொன்ன உழவர் குடியிருப்புக்கு யாரும் திட்டமிடாமலே மிகப் பொருத்தமான பெயர் வந்து அமைந்தது. அதுவும் காப்பாற்றவில்லை.

2025 ஏப்ரலில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டப்பேரவையில், காலனி என்ற சொல் ஆதிக்கத்தின், தீண்டாமையின் குறியீடாக மாறிவிட்டதால் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் அதை நீக்க நடவடிக்கை எடுக்கப்படும் என்று அறிவித்தார். இதற்கு முன் 2021-இல் குடிசை மாற்று வாரியம் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. இந்த மாற்றங்களை நான் வரவேற்கிறேன். பள்ளிச் சான்றிதழிலும் வேலை விண்ணப்பத்திலும் முகவரி எழுதும் ஒவ்வொரு முறையும் ஒரு பிள்ளை தன் சாதியை எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை என்பது சின்ன விஷயம் இல்லை. "பெயரில் என்ன இருக்கிறது, மனம் மாற வேண்டும்" என்று சொல்பவர்கள் பெரும்பாலும் அந்த முகவரியை ஒருநாளும் எழுதாதவர்கள்.

2023-இல் அரசியலில் இருக்கும் ஒருவர் சமூக வலைத்தளத்தில் தரக்குறைவான பேச்சைச் 'சேரி மொழி' என்று எழுதினார். எதிர்ப்பு வந்ததும் பிரெஞ்சில் சேரி என்றால் அன்புக்குரியவர் என்று பொருள் என விளக்கம் சொன்னார். அது எனக்கு மிகவும் வலித்தது. அன்பு நிறைந்த ஒரு சேரியைத் தேடிப் பிரெஞ்சுக்குப் போக வேண்டியதே இல்லை. தலைவன் வரவில்லையே என்று ஏங்கிய சேரி நம் குறுந்தொகையில் இருக்கிறது. ஆனால் அதைக் காட்டியும் யாரும் அந்த வசையை நியாயப்படுத்த முடியாது. பழைய பொருள் நல்லது என்பதால் இன்று அந்தச் சொல்லை ஒருவர் மேல் வீசலாம் என்று ஆகாது. ஒரு சொல்லால் அடிபட்டவர் வலிக்கிறது என்று சொன்னால் அகராதி அங்கே சாட்சி சொல்ல வராது.

சேரி என்ற சொல்லைத் தலித் எழுத்தாளர்களும் இளைஞர்களும் தங்கள் சொல்லாக, தலை நிமிர்ந்து பயன்படுத்துவதையும் பார்க்கிறேன். அது அவர்களுடைய உரிமை. வெளியே இருப்பவர்கள் அதைக் கடன் வாங்காமல் இருப்பது நல்லது.

பெயர்கள் மாறும்போது நடுவில் இருக்கும் வயலும் மாறுமா என்பதுதான் எனக்குள்ள கேள்வி. அதை மாற்றிப் பார்த்த முயற்சி ஒன்றும் நம்மிடம் உண்டு. 1998-இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் முதல் பெரியார் நினைவு சமத்துவபுரம் திறக்கப்பட்டது. 100 வீடுகளில் 40 ஆதிதிராவிடர்களுக்கு, 25 பிற்படுத்தப்பட்டோருக்கு, 25 மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு, 10 மற்றவர்களுக்கு. பக்கத்துப் பக்கத்து வீடுகள், ஒரே சமுதாயக்கூடம். அதே மதுரை மாவட்டத்தில்தான் உத்தப்புரத்தில் ஊருக்கும் தலித் குடியிருப்புக்கும் நடுவே எழுப்பப்பட்ட நீண்ட சுவரின் ஒரு பகுதி 2008-இல் இடிக்கப்பட்டது. அந்த மாவட்டத்தின் இந்த இரண்டு இடங்களையும் நான் எப்போதும் சேர்த்தே நினைக்கிறேன்.

பெயர் மாற்றம் அறிவிப்போடு நின்றுவிடக் கூடாது. இனி வைக்கும் பெயரை அங்கே குடியிருப்பவர்களே கூடி முடிவு செய்யட்டும். நாம் வெளியிலிருந்து பூப்பெயரோ தலைவர் பெயரோ சொல்ல வேண்டியதில்லை. அதற்கான கிராம சபைக் கூட்டத்தை ஊர்த்தெருக் கோயில் திடலில் போடாமல் அவர்கள் பகுதியில் போடட்டும். அதே கூட்டத்தில், வீட்டுமனைப் பட்டா இன்னும் கைக்கு வராத குடும்பங்களின் பட்டியலையும் வாசிக்கட்டும். பட்டா கிடைத்தும் இடத்தை அளந்து காட்டாதவர்களின் பட்டியலையும் வாசிக்கட்டும், அப்படிப்பட்டவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். புதுப் பெயர்ப் பலகை அடிக்கும் செலவைத் தீர்மானத்தில் எழுதும்போது, அந்தப் பட்டியலுக்கும் ஒரு தேதி குறித்து எழுத வேண்டும்.